ரயிலடியில் கிளாஃபிரா போட்ட கூச்சல்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பண்பாட்டு மன்றத் தலைவி எலிசவேத்தா அவர்களே! பனியை உதறிவிட்டுப் பாசத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி என் பேச்சையும் கொறிக்கக் காத்திருக்கும் தாய்மார்களே! ரொட்டி வண்டி ஓட்டும் புரோகோராகிய நான் உங்களுக்குத் தலைவணங்குகிறேன்.

இன்று நம் ஊர்த் திரையில் ஒளிரப்போவது வெளியூரிலிருந்து இங்கே படமெடுக்க வந்த இளம்பெண் தைசியாவின் முதல் படம். அதில் அப்பனாக நடித்தவன் அடியேன். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தாள்? அழகா? ஆற்றலா? அனுபவமா? "சிரிக்கவே தெரியாத மூஞ்சி உங்களுக்கு, மாமா. அதான் வேணும்" என்றாள். யாரங்கே கைதட்டுவது? அது பாராட்டு அல்ல ஐயா!

கடைசிக் காட்சி நம் ரயிலடியில். மகள் நகரத்துக்குப் படிக்கப் போகிறாள். போகாதே என்று தடுத்த அப்பன், வழியனுப்ப வந்தும் வாய் திறக்காமல் திரும்பி நடக்க வேண்டும். ஊரே கூட்டமாக நிற்கிறது. ரயில் வந்தது. மகளாக நடித்தவள் ஏறினாள். நான் திரும்பினேன், கல்லாக, கம்பமாக, கடுங்குளிராக! அப்போது கூட்டத்தைக் கிழித்தது ஒரு குரல். யார் குரல்? என் மனைவி கிளாஃபிராவின் குரல்!

"யோவ் மரக்கட்டை! புள்ள போவுது, கட்டிப்புடிக்க மாட்டியா? நெஞ்சுக்குள்ள என்ன, உருளைக்கிழங்கா வச்சிருக்க?"

நடிப்பை மறந்தேன். நகர்ந்த ரயிலின் பின்னே ஓடினேன். தொப்பி பறந்தது. கை எட்டவில்லை. ஊரே சிரித்தது. தைசியா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, அவர் திரும்பிப் பாக்கவே கூடாது. கதையே அதான்."

"எந்த அப்பன்டி அப்படிப் போவான்?"

"எங்கப்பா போனாரு."

அடங்கியது சிரிப்பு.  கிளாஃபிரா தன் சால்வையை அவிழ்த்து அவள் தோளில் போர்த்தினாள்.

"அந்த ஆளு இப்ப எங்க?"

"எங்க ஊர்லதான். நான் சினிமா படிக்கப் போனதுலேர்ந்து பேச்சே இல்ல."

"அப்ப நாளைக்கு நீ ரயிலேறு. படம் எங்கயும் ஓடிடாது."

"ஐயோ அத்தை, ஓடணும்னுதானே எடுக்குறேன்!"

ஆனாலும் போனாள். திரும்பி வந்ததும் ஊரே சூழ்ந்துகொண்டது. "அப்பா என்னம்மா சொன்னாரு?"

"கதவத் திறந்தாரு. 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. சூப்பு ஊத்துனாரு. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே குடிச்சோம். உப்புதான் கூடிப்போச்சு."

அந்தக் காட்சியை அவள் மறுபடி எடுக்கவில்லை. கூச்சலோடும் என் ஓட்டத்தோடும் அப்படியே படத்தில் வைத்துவிட்டாள். என் நடிப்பில் அவளுக்குப் பிடித்தது, நான் நடிக்காத அந்த ஓர் இடம்தான்!

முறுக்கிக்கொண்டு திரும்பி நடக்கும் அப்பன்மார்களே! எல்லா ரயிலடியிலும் என் கிளாஃபிரா நின்று கத்திக்கொண்டிருக்க மாட்டாள். ரயில் நிற்கும்போதே, நீங்களாகவே திரும்புங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுமையே இல்லாத என் மனைவிக்கும் நன்றி. விளக்கை அணையுங்கள், படம் ஓடட்டும்! வணக்கம்.