தங்கையின் முதுகு

முட்டை அவிப்பதில் எனக்குக் கைராசி உண்டு, டாக்டர். மஞ்சள் கரு ஒருநாளும் கல்லாகாது. அதனால் தங்கை சோறு, ரொட்டி, பழம் எல்லாவற்றுக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு முட்டை, வெண்ணெய், கீரை என்று இறங்கியபோது எனக்கு ஏக உற்சாகம். விதவிதமாகச் செய்து போட்டேன்.

அவள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். வேறு ஊரில் பெரிய நீச்சல் குளத்தில் வேலை கிடைத்திருந்தது. அதற்காகத்தான் உடம்பைக் குறைத்தாள். அம்மா போனபிறகு அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் முதுகில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது. கழுத்து, மார்பு என்று பரவி, ஆறிய இடமெல்லாம் வலை விரித்தாற்போல் கருத்தது. புது வேலை கொடுத்தவர்கள், "சரியானதும் வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் தையல் மெஷினை மூடிவிட்டுக் களிம்பு தடவுவேன். "அக்கா, கொஞ்சம் மேல... ஆங், அங்கதான்," என்பாள். சின்ன வயதில் போல என் மடியில் கவிழ்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவாள். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

உங்களிடம் காட்டிவிட்டு வந்த சில நாளில் நீங்கள் போன் செய்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். "இந்தச் சாப்பாட்டாலதான் வருது. சோறு, பழம் சேர்த்துக்கட்டும், அடங்கிடும்," என்றீர்கள். நான் மனதார நன்றி சொன்னேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "என்னக்கா சொன்னாங்க?"

"இன்னும் கறாரா இருக்கணுமாம்டி. பழம்கூட ஆகாதாம்."

"ஐயோ, நேத்து ரெண்டு திராட்சை தின்னுட்டேனே."

"போனா போகுது. இனிமே வேண்டாம்," என்றேன். நான் கடிந்துகொள்கிற ரகம் இல்லை.

நீங்கள் எழுதித் தந்த மாத்திரைக்குப் பதில் சத்து மாத்திரை கொடுத்தேன். சத்து உடம்புக்கு நல்லதுதானே? தூக்கத்தில் சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். பூப்போட்ட மெல்லிய துணியில் கையுறை தைத்து மாட்டிவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

அந்த வேலை வேறொருத்திக்குப் போனது. அன்று முழுக்க அழுதாள். கூடவே இருந்தேன். புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் கண்டதும் உங்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். "நான் சொன்னபடி சாப்பிடலையா?" என்று நீங்கள் அவளிடம் கேட்டிருக்க வேண்டாம்.

இப்போது சோறு சாப்பிடுகிறாள், அரிப்பு நின்றுவிட்டது என்று நர்ஸ் சொன்னார். சந்தோஷம். என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாளாம். உடம்பு முடியாதபோது அப்படித்தான் சிடுசிடுப்பாள். சற்று நேரம் கழித்து நானே போய்க் களிம்பு தடவிவிடுகிறேன், டாக்டர். முதுகுக்கு அவள் கை எட்டாது, பாவம்.