எச்சில் சத்தம்

மரவேலை எனக்குத் தொழில் இல்ல சார். ஆனா உப்புத்தாள் போட்டு ஒரு கட்டையைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா மனசுக்கு நிம்மதியா இருக்கும்.

வீட்டுப் பின்னறையைத்தான் ஸ்டுடியோ ஆக்கியிருந்தோம். மச்சான், என் சம்சாரத்தோட தம்பி, கதை படிப்பான். நான் பக்கத்துல ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பதிவு பண்ணுவேன். நல்ல குரல், பொய் சொல்லக்கூடாது. ஆனா வரிக்கு வரி எச்சில் ஒட்டிப் பிரியற சத்தம். சப்பு சப்புன்னு. அவன் நாக்கு என் காதுக்குள்ள புரள்ற மாதிரி. அது ஞாபகம் வந்து பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிருக்கேன்.

சம்சாரம்கிட்ட சொன்னேன். "நீங்க சாப்பிடறப்ப போடற சத்தத்தை விடவா?"ன்னா. தம்பியை விட்டுக்கொடுப்பாளா?

சரி, ரூம்லதான் கோளாறுன்னு ஒரு டிஃப்யூசர் பண்ணினேன். வேற ஒண்ணும் இல்ல, உயரம் உயரமா வெட்டின மரக்கட்டைங்களைப் பலகையில நெருக்கமா ஒட்டறது. சுவத்துல மோதற சத்தம் அப்படியே திரும்பாம நாலாபக்கமும் சிதறிடும். மரக்கடையில மிஞ்சின துண்டுங்கதான். நல்ல கனம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிச் சுவத்துல மாட்டினோம். குரல் அழகாயிடுச்சு. எச்சில் இன்னும் தெளிவாயிடுச்சு.

அதான் கழட்டி, அவன் நாற்காலிக்கு நேர் மேல கூரையில மாட்டினேன்.

"மாமா, தலையில விழுந்துடாதுல்ல?"ன்னு சிரிச்சான்.

"விழுந்தா உன் மண்டைக்கு ஒண்ணும் ஆகாதுடா, கட்டைக்குத்தான் சேதம்"னேன். அதுக்கும் சிரிச்சான். சிரிச்சு முடிச்சு உதட்டை நக்கினான்.

அந்தக் கனத்துக்கு நீளமான போல்ட்டு போட்டு முடுக்கணும். நான் போட்டது சுவர்க் கடிகாரம் மாட்டற ஸ்க்ரூ. தெரியாமப் போடல சார்.

விழுந்தப்ப பதிவு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் ஹெட்போனைக் கழட்டல. அவன் தொண்டையில ஏதோ கொழகொழன்னு கேட்டுச்சு, ரொம்ப அருவருப்பா. அது நிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். நின்னப்புறம்தான் கதவைத் திறந்து சம்சாரத்தைக் கூப்பிட்டேன்.

இப்ப அந்தப் பதிவை எனக்கே போட்டுக் காட்டுறீங்க. அவன் மூச்சு நின்னப்புறமும் சப்பு சப்புன்னு கேக்குதே, அப்ப ரூம்ல உயிரோட இருந்தது நீ ஒருத்தன்தானேங்கிறீங்க.

தப்பா எடுத்துக்காதீங்க சார். அது ரூம் எதிரொலி. இன்னொரு பலகை மாட்டினா சரியாயிடும்.