சிக்கன் சாலட் சாப்பிட்டுப் படுத்த நாற்பத்தொரு பேர்

கோரா: அந்த டீன் என்ன சொன்னார் தெரியுமா ட்வைலா? "ஏம்மா, பொது சுகாதாரம் உனக்குத் துணைப்பாடம்தானே? போய் மெயின் பாடத்தைப் படி"ன்னார்! மூஞ்சிக்கு நேரா!

ட்வைலா: வயலின் படிக்க வந்தவ வாந்திபேதியை ஆராய்ச்சி பண்ணினா யாருக்குத்தான்...

கோரா: சிரிக்காதடி. பத்தி எரியுது எனக்கு.

ட்வைலா: சரி சரி, உக்காரு.

கோரா: நாலு நாள்! நாலு நாளா ஹாஸ்டல்ல கதவு கதவா தட்டியிருக்கேன். எண்பத்து மூணு பேர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஸ்ல என்னென்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டுக் கேட்டு எழுதினேன். சிக்கன் சாலட் சாப்பிட்டவங்க அம்பது பேர். அதுல நாப்பத்தொரு பேர் படுத்துட்டாங்க. தொடாதவங்க முப்பத்து மூணு பேர்ல மூணே பேர்!

ட்வைலா: இப்ப எல்லாரும் எழுந்து நடமாடறாங்கல்ல? விட்டுடேன்.

கோரா: எப்படி விடறது? மிஸ் ஓபலை வேலையை விட்டுத் தூக்கறாங்க. நாலு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க, கையெழுத்துப் போட.

ட்வைலா: ... இன்னைக்கா?

கோரா: இன்னைக்குத்தான். இருபத்திரண்டு வருஷம் அந்த அடுப்படியில நின்ன மனுஷி. கோழியை வெளிய போட்டுக் கெடுத்துட்டாங்களாம்!

ட்வைலா: அநியாயம்! பால் டப்பா ரெண்டு நிமிஷம் மேஜை மேல இருந்தாலே நம்மளை வறுத்தெடுத்துடுவாங்களே அவங்க.

கோரா: அதைத்தான் சொன்னேன். ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த தாளையும் காட்டினேன். எத்தனை டிகிரின்னு மணிக்கு மணி அவங்க கையால எழுதினது. ஒரு மணி நேரம் கூட விட்டுப்போகல.

ட்வைலா: அதுக்கு?

கோரா: "சரி, கோழி கெடல. அப்ப நாப்பத்தொரு பேருக்கு எப்படி வந்துது, நீயே சொல்லு"ன்னார்.

ட்வைலா: நீ என்ன சொன்ன?

கோரா: தெரியலன்னேன்.

ட்வைலா: தெரியலையா? ரெண்டு வருஷமா அதைத்தானே படிக்கற!

கோரா: ... வேலை செஞ்ச யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்திருக்கலாம். வாந்தி எடுத்துட்டு வந்து, அதே கையால...

ட்வைலா: கிளவுஸ் போட்டிருந்தாளே அவ.

கோரா: எவ?

ட்வைலா: ... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

கோரா: உடம்புக்கு முடியலன்னா வராம இருக்க வேண்டியதுதானே!

ட்வைலா: ஓ... நீயும் அந்த மெஸ்லதானே வேலை பாக்கற? சட்டம் மறந்து போச்சா? படுத்துட்டா நம்ம இடத்துக்கு ஒரு ஆளை நாமளே பிடிச்சு நிறுத்தணும். கிடைக்கலன்னா பேருக்கு நேரா கரும்புள்ளி. மூணு விழுந்தா வேலை போச்சு. வேலை போனா எனக்கு இந்தக் காலேஜும் போச்சு. திரும்ப இண்டியானா, எங்கப்பாவோட சோளக்காடு!

கோரா: கத்தாத. கேடுகெட்ட சட்டம்தான். வாந்தி எடுக்கறவளை வரவழைச்சு ஊருக்கே சாலட் கிளற வைக்கற சட்டம்! அதை எழுதின அந்த டீன் நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கார். மிஸ் ஓபல் தெருவுக்குப் போறாங்க!

ட்வைலா: அப்ப போய்ச் சொல்லு. ஏற்கெனவே ரெண்டு புள்ளி வாங்கினவ, காலையில ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டுப் போய் நின்னவ, நான்தான்னு சொல்லு. மிஸ் ஓபல்கிட்ட மூச்சு விடல நான். தெரிஞ்சிருந்தா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து படுக்க வச்சிருப்பாங்க. என்னடி, தூக்கிவாரிப் போடலையே உனக்கு?

கோரா: மணி என்ன?

ட்வைலா: மூணரை. பேச்சை மாத்தாத. எண்பத்து மூணு பேர் கதவைத் தட்டினியே... சமையல்கட்டுல நின்ன எங்களை ஏன் ஒருத்தரைக் கூட கேக்கல? என் கதவைத் தட்டியிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.

கோரா: ஷூவை மாட்டு. ரெண்டு பேருமா போறோம்.

ட்வைலா: நீ எதுக்கு? தப்பு என்னுது. நான் உன் பேரை எடுக்கவே மாட்டேன் கோரா... இத்தனை நாள் எடுத்தேனா?

கோரா: எடுக்கல. அதான் குத்துது. "வாந்தி நிக்கல, எனக்குப் பதிலா இன்னைக்கு ஒரு நாள் போறியா"ன்னு அன்னைக்குக் காலையில நீ கெஞ்சினப்ப, லைப்ரரில உக்காந்துக்கிட்டு, "முடியாது, நாளைக்குத் தொத்துநோய்ப் பரீட்சை, கையை நல்லா கழுவிட்டுப் போ"ன்னு பதில் அனுப்பினது நான்... அந்தப் பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கினவளும் நான்தான்.