பார்சல் வரும் வரை

புத்தகக் கட்டு வந்தால் நான் கயிற்றை அறுக்க மாட்டேன் ஐயா. முடிச்சை அவிழ்த்துத்தான் பிரிப்பேன். பதினேழு வருடமாக அஸ்தம்பட்டியில் காமிக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அவசரக்காரனுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

முன்பு பார்சல் தாமதமானால் எல்லாரும் சேர்ந்து காத்திருந்தோம். இப்போது புத்தகம் வெளியாகும் அன்றைக்கே போனில் வந்துவிடுகிறது. அச்சுப் பிரதி சேலம் வந்துசேர இரண்டு வாரம், சில மாதம் மூன்று வாரம். நாமகிரிப்பேட்டை கந்தவேல் போனில் படித்துவிட்டுச் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வருவார். வாங்க அல்ல, முடிவைச் சொல்ல. காத்திருப்பவர்களின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி. ஒரு தொடரின் முடிவுக்காக ஐந்து மாதம் காத்திருந்த மயிலம்மாள் டீச்சரிடம், "ஹீரோ செத்துப்போறானுங்க டீச்சர். இனி எதுக்குக் காத்திருக்கறீங்க?" என்றார். டீச்சர் அப்புறம் கடைப்பக்கம் வரவில்லை.

சித்திரையில் இன்னொரு தொடர் முடிந்தது. மூன்று வருடமாக நான் படித்து வந்தது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கந்தவேல் வந்தபோது கடையில் வேறு ஆளில்லை.

"ஏனுங்கண்ணா, முடிவு சொல்லட்டுங்களா?"

"போனைக் குடுங்க, அட்டையை மட்டும் பார்த்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டேன். "பின்னாடி ரூமுக்குள்ளே உங்களுக்குன்னு பழைய இதழ் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேனுங்க."

போனார். வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டேன்.

நான் கொடுமைக்காரன் இல்லை. காலையிலேயே பார்சல் ஆபீசில் கேட்டிருந்தேன். "ரெண்டு நாள்ல வந்துருமுங்க" என்றார்கள். அதற்குத் தக்கபடி இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பன் பாக்கெட்டும் உள்ளே வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் கேட்டபோது நாளைக்கு என்றார்கள். அன்று அவர் மனைவி தெய்வநாயகி வந்தார். "எங்க ஊட்டுக்காரரு இங்க வந்தாருங்களா?" வரவில்லை என்றேன். உட்கார்ந்து அழுதார். மோர் வாங்கிக் கொடுத்தேன். ஏற்காடு ரோட்டு வண்டிச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

"அண்ணா, தொறந்து உடுங்க. இனி யாருக்கும் சொல்ல மாட்டேனுங்க."

இதை எப்படி நம்புவது?

ஐந்தாம் நாள் தட்டுவது நின்றது. ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. உட்கார்ந்து, கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்தேன். அதன் பிறகு கதவைத் திறந்தேன்.

நடுவில் ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்தால் சொல்லிவிடுவார் ஐயா. தாமதம் பார்சல் ஆபீசால் வந்தது. அவர்களை நீங்கள் இன்னும் விசாரிக்கவே இல்லை.