சம்பந்தி பிடித்த பெட்ஷீட்

சிங்கப்பூரில் பொங்கோல் போகும் ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சம்பந்திய ஜன்னல்கிட்ட பெட்ஷீட் பிடிக்க வச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்,” என்றார் மனைவி.

“மெதுவா பேசு லா. வெயிலு நேரா படத்து மேல அடிச்சுச்சு, நான் என்ன பண்றது?”

“டிவியத் தூக்கிக் குடுத்துட்டு இருநூறு வெள்ளிக்குப் புரொஜெக்டர் வாங்கினது யாரு? ரெண்டாயிரம் வெள்ளி மாடலுக்குச் சமம்னு பெருமை வேற.”

“கடையில லைட்ட அணைச்சுக் காட்டுனாங்க. பளிச்சுனு இருந்துச்சு.”

“நிச்சயதார்த்த வீடியோவுல நம்ம பொண்ணு மூஞ்சியே தெரியல. பாவம், சம்பந்தி கடைசி வரைக்கும் படத்துக்கு முதுகக் காட்டிட்டு நின்னாரு.”

“போறப்ப, படம் ரொம்ப நல்லா இருக்குன்னாரே.”

“உங்க மானத்தக் காப்பாத்தச் சொன்னாரு.”

நான் சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொண்டேன். அப்போது கணவரின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. படித்ததும் அவர் முகம் சுருங்கியது.

“சம்பந்திதான். அதே மாடல் வாங்கப் போறாராம். கடை பேரு கேக்குறாரு.”

இரண்டு நிலையங்கள் கடந்தன. பிறகு கணவர் கைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

“வாங்காதீங்க, பகல்ல ஒண்ணும் தெரியாதுன்னு நீயே போடு. நான்தான் சொன்னேன்னும் போட்டுடு.”