மலை தாண்ட வேண்டாம் என்ற டாக்டர்

மேடையில் இருக்கும் போதகர் அவர்களே, சுகாதார நிலைய நிர்வாகக் குழுவினரே, ஆளுக்கொரு பாத்திரத்தை மூடி எடுத்துவந்து இந்தத் தேவாலயக் கூடத்தை நிறைத்திருக்கும் லாரல் ஓடை மக்களே, வணக்கம்.

டாக்டரைப் பற்றிப் பேச, தீயணைப்புத் தொண்டர்களின் தலைவனான எனக்கு என்ன தகுதி? அவர் என்னையும் தன் வேலைக்குள் இழுத்துவிட்டார், அதுதான் தகுதி. நம் மக்கள் மருத்துவர் வெர்னா ஸ்டிதம் யாரைத்தான் இழுக்காமல் விட்டார்?

நோயாளி நேரில் வந்து உட்கார்ந்தால்தான் அரசுக் காப்பீடு நம் நிலையத்துக்குப் பணம் தரும் என்றிருந்த காலம் நினைவிருக்கிறதா? முன்வரிசையில் இருக்கும் வெண்டல் கூம்ஸ், சுரங்கத் தூசிக்கு நுரையீரலைக் கொடுத்தவர், ஆக்சிஜன் சிலிண்டரோடு மலை தாண்டி வருவார். போனில் சொல்லிவிடக்கூடிய இரண்டு வார்த்தைக்காக வருவார். வெர்னாவுக்கு அது பொறுக்கவில்லை. வருகைக்கு இவ்வளவு என்று தராதீர்கள், ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று தாருங்கள், அவரை நல்லபடி வைத்திருப்பது எங்கள் பாடு என்று தலைநகரில் மல்லுக்கு நின்றார். சோதனை முயற்சி என்று ஒப்புக்கொண்டார்கள். மறுநாளே எங்கள் வண்டிக் கொட்டகைக்கு வந்துவிட்டார்.

"சந்து பொந்தெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? வீடு வீடா போய் நோயாளிங்களை எட்டிப் பாத்துட்டு வாங்கப்பா" என்றார்.

போனோம். பழக்கதோஷம், சிவப்பு வண்டியில், சைரன் அலறப் போனோம்! வெண்டல் வீடு பற்றி எரிகிறது என்று அந்தப் பள்ளத்தாக்கே வாளியோடு ஓடிவந்தது. பக்கத்து வீட்டு மேவிஸ் அம்மாள், வெண்டல் போய்விட்டார் என்றே நினைத்து, இழவு வீட்டுக்கென்று அடுப்பிலிருந்த சோளரொட்டியையே தூக்கிவந்துவிட்டார். வெண்டலின் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. சேதி கேட்டு வெர்னா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அவருக்கு வியாதியே நீங்கதான்யா. அடுத்த தடவை சத்தம் போடாம போங்க."

அன்று முதல் சத்தமில்லாமல்தான் போகிறோம். வெண்டல் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுத்து எவ்வளவு காலமாயிற்று?

அந்தச் சோதனைக் காலம் இப்போது முடிகிறது. இந்த முறை தொடருமா என்று வியாழக்கிழமை தலைநகரில் முடிவெடுக்கிறார்கள். நமக்காகப் பேச வேண்டியவரைப் போன வாரம் மண்ணில் வைத்துவிட்டோம். பழைய முறை திரும்பினால் வெண்டல் மறுபடி மலை ஏற வேண்டும்.

டாக்டர், வியாழக்கிழமை அவர்கள் கூடும் அந்த அறையில் உங்கள் நாற்காலியைக் காலியாக விடமாட்டோம். நாங்கள் போகிறோம். வெண்டலிடம் மட்டும், உங்கள் மூச்சு தாங்காது, வீட்டில் இருங்கள் என்றேன். அவர் சொன்ன பதிலைச் சொல்லி அமர்கிறேன்.

"நான் மலை தாண்டக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு அவ்வளவு அலைஞ்சுது. அதுக்காக ஒரு தடவை தாண்டுறேன். சிவப்பு வண்டியில எனக்கு இடம் போடு. இந்தத் தடவை சைரன் போட்டுக்கிட்டே போகலாம்."