கத்திக்கு முன்னால நிக்கிற கே

உங்க கைல இருக்கிற இங்கிலீசு பேப்பர்ல, மேல பெருசா போட்டிருக்கே, கத்தின்னுதானே சார்? மொத எழுத்து கே. ஆனா சொல்லும்போது வாயில வராதுல்ல? கடைசி எழுத்தும் வராது. அப்ப இன்னாத்துக்கு சார் ரெண்டு பேரும் அங்க நிக்கிறாங்க? வேல செய்யாம நின்னா எங்க தோல் ஷாப்புல வெளிய போன்னுவாங்க. இந்த வெள்ளக்காரன் வார்த்தைக்கு வார்த்த ஒருத்தன சும்மா உக்கார வெச்சிருக்கான்.

கோவந்தான் சார். உங்க மேல இல்ல. பஸ்சு சீட்டுல கொஞ்சம் தள்ளி உக்காருங்க, என் மேல தோல் வாட அடிக்கும். ஆம்பூர்ல தரம் பிரிக்கிற வேல. பேரு ஆபேலு. கண்ண மூடிக்கினு ஒரு தடவ தடவினா போதும், எங்க பூச்சி கடிச்சிருக்கு, எங்க கத்தி பட்டிருக்குன்னு சொல்லிடுவேன். ஆனா இந்த இங்கிலீச எங்க தடவறது?

வேலூர்ல ஜெபராஜ் வாத்தியாருன்னு இருக்காரு. அவரு பொண்ணு ஜெயபுஷ்பத்த எனக்கு கேட்டு எங்க அம்மா போனாங்க. அவரு இல்லன்னு சொல்லல. கோயில்ல, வெள்ளக்கார டாக்டரம்மாங்க முன்னாடி, இங்கிலீசு பைபிள்ல வேதபாடம் ஒண்ணு தப்பில்லாம படிக்கட்டும், தேதி குறிச்சிடலாம்னாரு.

நான் மூணாங்கிளாசு சார். ஒவ்வொரு எழுத்தா தெரியும், சேத்துப் படிக்கத்தான் பேஜாரு. புஷ்பத்தக் கேட்டேன். மறுவாரமே பாட்டு புஸ்தகத்துக்குள்ள வெச்சி குடுத்தா. பாடம் முழுக்க தமிழ் எழுத்துல. எட்டு பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. பிரியம்னுதானே சார் நெனப்பீங்க? நானும் அப்பிடித்தான். ரெண்டு மாசம் தோல் பிரிச்சிக்கினே மனப்பாடம் பண்ணேன்.

போன ஞாயித்துக்கிழம படிச்சேன். ஆட்டுக்குட்டிக்கு லாம்பு. கத்திக்கு கினைஃபு. ரெண்டுக்கு ட்வோ. சிரிக்காதீங்க சார்... பரவால்ல, சிரிங்க. மொத வரிசைல டாக்டரம்மா கைக்குட்டைய வாயில வெச்சிக்கினாங்க. வாத்தியாரு தலைய குனிஞ்சவரு நிமிரவே இல்ல. திங்கக்கிழம அதுக்குள்ள ஷாப்புக்கே சேதி வந்துட்ச்சி. கூட வேல செய்யற ஜியாவுல்லா பாய் ஒவ்வொரு தோலா எடுத்துப் போட்டு, இந்தா ஆபேலு லாம்பு, இந்தா இன்னொரு லாம்புன்றாரு.

எல்லாம் எழுத்து சார். பி-ன்னு எழுதினா பி-ன்னு சொல்லேன். இல்லன்னா எழுதாத. அவன் இஷ்டத்துக்கு எழுதுவான், இங்க ஒருத்தன் பொழப்பு நாறணுமா?

இன்னிக்கி லீவு போட்டுட்டு பாட்டு புஸ்தகத்த திருப்பிக் குடுக்கப் போனேன். வாத்தியாரு, வேற எடம் பாருப்பான்னுட்டாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, காப்பியெல்லாம் குடுத்து.

அவளுக்கும் தெரியாம இருந்திருக்குமா? இருக்கலாம் சார். யாருக்குத்தான் வெளங்கும் இந்த பாஷ. அவள நான் ஒண்ணும் சொல்லல. வழிய விடுங்க, மாதனூர் தாண்டிட்ச்சி, அடுத்தது எங்க ஊரு.

வாத்தியாரு வீட்டு பெஞ்சி மேல அவ தங்கச்சி கிரேஸியோட நோட்டு கெடந்துது. அதே பாடம். அதுக்கும் புஷ்பந்தான் தமிழ்ல எழுதிக் குடுத்திருக்கா, அதே கையெழுத்து. அதுல லாம்னு இருக்கு. நைஃபுன்னு இருக்கு. டூன்னு இருக்கு. காப்பி ஆறுற வரைக்கும் பொரட்டிப் பாத்தேன், ஒண்ணு கூட தப்பில்ல.

வேணாம்னு தமிழ்ல எழுதிக் குடுத்திருக்கலாம் சார். எழுதின மாதிரியே படிச்சிருப்பேன்.